குடும்பச் சண்டையில் சமரசம் பேச 40 மணி நேரப் பயிற்சி: போய் வந்தவர்கள், போக நினைப்பவர்கள் வாருங்கள்

#1 வைகைக்கரை (மதுரை)

நண்பர்களுக்கு வணக்கம். 31 வருஷம் பள்ளியில் பாடம் நடத்திவிட்டுப் போன வருஷம் ஓய்வு பெற்றேன். சொந்தத்திலோ தெருவிலோ எந்த வீட்டில் சண்டை என்றாலும் "டீச்சரைக் கூப்பிடுங்க" என்பார்கள். நானும் போவேன். இரண்டு பக்கமும் கேட்பேன். யார் மேல் தப்பு என்று மனசுக்குள் முடிவு பண்ணி, அதைப் பக்குவமாகச் சொல்லிவிட்டு வருவேன். சில வீட்டில் அது நிலைத்தது. பல வீட்டில் ஆறு மாசத்தில் அதே சண்டை வேறு பெயரில் திரும்பி வந்தது. இது ஏன் என்ற கேள்விதான் என்னைப் போன மாதம் சமரசர் (மீடியேட்டர்) பயிற்சிக்குக் கொண்டுபோய் விட்டது. 5 நாள், மொத்தம் 40 மணி நேரம். வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வழக்கறிஞர்கள்.

முதல் நாள் மத்தியானமே நடித்துக் காட்டும் பயிற்சி. அண்ணன் தம்பிக்கு ஒரே கிணறு, ஒரே மோட்டார். இலவச மின் இணைப்பு அண்ணன் பேரில். தண்ணீர் முறை வைப்பதில் சண்டை முற்றி, பேச்சுவார்த்தையே நின்றுவிட்டது. நான் சமரசர். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது, "திங்கள், புதன், வெள்ளி உங்களுக்கு; மத்த நாள் அவருக்கு; ஞாயிறு மாத்தி மாத்தி வெச்சுக்கலாம்" என்று நான் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இருவரும் தலையாட்டினார்கள். பயிற்சியாளர் நிறுத்தினார். தம்பியாக நடித்தவரிடம், "உங்க காகிதத்துல என்ன எழுதியிருக்கு, படிங்க" என்றார். அவர் படித்தார்: "கிழமை எனக்குப் பிரச்சினையே இல்லை. இணைப்பு அண்ணன் பேர்ல இருக்கு. அண்ணனுக்கு நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா அவர் பசங்க என் காட்டுக்குத் தண்ணி விடுவாங்களா, அதுதான் பயம்."

அந்தக் காகிதத்தில் இருந்ததை நான் கேட்கவே இல்லை. என்ன வேண்டும் என்று அவர் வாயால் சொன்னது தண்ணீர். ஏன் வேண்டும் என்பது பயம். வெளியே சொல்வதை நிலைப்பாடு என்றும், உள்ளே இருப்பதைத் தேவை என்றும் பயிற்சியில் பிரித்துச் சொல்கிறார்கள். நிலைப்பாட்டை மட்டும் பிடித்துக்கொண்டு நான் பாகம் பிரித்துக் கொடுத்திருந்தால் அது அடுத்த கோடைவரைகூடத் தாங்கியிருக்காது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இரண்டாம் நாள் கணவன் மனைவி வழக்கு ஒன்றை நான் நடத்தியதைப் பதிவு பண்ணிப் போட்டுக் காட்டினார்கள். கணவனை "சார்" என்கிறேன். மனைவியை "ஏம்மா" என்கிறேன். எனக்கே தெரியவில்லை. அந்தப் பெண் பேசும்போது "ம்... ம்... சரி" என்று நான் சொல்வது வெறும் காது கொடுப்பதற்கு. எதிரே இருப்பவர் காதில் அது "டீச்சர் அவ சொல்றதை ஒத்துக்கிட்டாங்க" என்று விழுகிறது. நம் மொழியில் "சரி" என்ற ஒரு சொல்லை எத்தனை வேலைக்கு வைத்திருக்கிறோம் பாருங்கள். மூன்றாம் நாளிலிருந்து "சொல்லுங்க" என்று மாற்றிக்கொண்டேன்.

இதில் அனுபவம் உள்ளவர்கள் எழுதுங்கள். நல்லதும் கெட்டதும்.

#2 தறிச்சத்தம் (குமாரபாளையம்)

டீச்சருக்கு வணக்கமுங்க. ஒரு சந்தேகம், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பெரியப்பா இந்த ஊர்ல நாப்பது வருசம் பஞ்சாயத்துப் பேசினவர். பாகப்பிரிவினை, தறி பங்கு, புருசன் பொண்டாட்டி தகராறு, எதுன்னாலும் ஒரு சாயங்காலம் வேப்பமரத்தடியில உக்காந்தா விளக்கு வெக்கறதுக்குள்ள முடிச்சிருவாருங்க. அவருக்கு எந்தப் பயிற்சியும் கிடையாது. கோர்ட்டுக்குப் போனா பத்து வருசம், கோர்ட்டுல இருக்கற சமரச மையத்துக்குப் போனாலும் நாலஞ்சு வாய்தா. பெரியவங்க பேசி முடிக்கிறதை நாமளே விட்டுட்டு இப்ப அதையே சர்ட்டிபிகேட் குடுத்துச் சொல்லித் தர்றாங்களோன்னு தோணுதுங்க.

#3 வைகைக்கரை

நல்ல கேள்வி தம்பி. என் அப்பாவும் அப்படிப் பேசினவர்தான், அதனால் இதைக் குறைவாகச் சொல்ல மாட்டேன். பெரியப்பா சொன்னது நிற்பதற்குக் காரணம், அவர் மறுநாளும் அதே தெருவில் இருப்பார். மீறினால் நல்லது கெட்டதுக்கு ஊர் வராது. அந்தப் பலம் சமரசருக்குக் கிடையாது. அவர் ஒரு முடிவும் சொல்லக் கூடாது. முடிவு இருவர் வாயிலிருந்தும் வர வேண்டும், இல்லையென்றால் முடிவே இல்லை.

உங்களிடம் நான் ஒன்று கேட்கிறேன், மனசு கோணாமல் பதில் சொல்லுங்கள். வேப்பமரத்தடியில் பெரியம்மா உட்கார்ந்தாரா? பாகம் பிரிக்கும்போது அந்த வீட்டுப் பெண்கள் எங்கே நின்றார்கள்?

#4 தறிச்சத்தம்

கதவுக்குப் பின்னாடிதானுங்க. உண்மையைச் சொல்லணும்.

#5 கருப்புக்கோட்டு (கோயம்புத்தூர்)

இருபது வருடமாகக் குடும்ப நீதிமன்றத்தில் வாதாடுகிறேன், சமரசராகவும் உட்கார்ந்திருக்கிறேன். சட்டப் பின்னணியைச் சுருக்கமாக வைக்கிறேன், பிறகு வாதம் பண்ணலாம்.

குடும்ப நீதிமன்றங்கள் சட்டம் 1984, பிரிவு 9: எந்த வழக்காக இருந்தாலும் முதலில் இணக்கத்துக்கு முயற்சி செய்வது நீதிமன்றத்தின் கடமை. வழக்கைச் சமரசம் போன்ற வழிகளுக்கு நீதிமன்றமே அனுப்ப இடம் தரும் உரிமையியல் நடைமுறைச் சட்டம் பிரிவு 89, 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனது நம் சேலம் வழக்கறிஞர் சங்கம். அந்த வழக்கின் தீர்ப்பில்தான் சமரச விதிகளுக்கு மாதிரி வடிவமே கிடைத்தது. 2005 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் திறந்தார்கள். நீதிமன்றத்தோடு இணைந்த மையங்களில் நாட்டிலேயே முன்னோடி அது. இன்று மாவட்ட நீதிமன்றங்களிலும் மையம் உண்டு. வழக்கு அங்கே அனுப்பப்பட்டால் கட்சிக்காரர் சமரசருக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. 2013-ல் ஸ்ரீனிவாச ராவ் - தீபா வழக்கில், திருமணத் தகராறுகளை முடிந்தவரை தொடக்கத்திலேயே சமரசத்துக்கு அனுப்பச் சொன்னது உச்ச நீதிமன்றம். 2023-ல் தனிச் சமரசச் சட்டமே வந்துவிட்டது. 120 நாளில் முடிக்க வேண்டும், இரு தரப்பும் ஒத்துக்கொண்டால் இன்னும் 60 நாள். அதன் எல்லாப் பிரிவுகளும் ஒரே நாளில் அமலுக்கு வரவில்லை, அதையும் கவனத்தில் வையுங்கள்.

வழக்கே போடாமலும் வரலாம். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் ஒரு மனு கொடுத்தால் எதிர் தரப்புக்கு அழைப்பு அனுப்புவார்கள். பெண்களுக்கு வருமானம் எவ்வளவு இருந்தாலும் இலவசச் சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் கேட்கலாம்.

தறிச்சத்தம் சார், நாலைந்து வாய்தா என்றீர்கள். ஏன் தெரியுமா? முதல் நாள் வருபவர்கள் கோபத்தைப் பேசுகிறார்கள். இரண்டாம் நாள் கணக்கைப் பேசுகிறார்கள். மூன்றாம் நாள்தான் விஷயத்தைப் பேசுகிறார்கள். ஒரே சாயங்காலத்தில் முடித்தால் கோபத்துக்கு மட்டும்தான் தீர்வு கிடைக்கும்.

ஒரு நடைமுறை விஷயம். பாகப்பிரிவினை வழக்கு சமரசத்தில் முடிந்தால் கட்டிய நீதிமன்றக் கட்டணம் திரும்பக் கிடைக்கும். வெளியே தாங்களாகப் பேசி முடித்துக்கொண்டாலும் கிடைக்கும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பல பேர் இதைக் கேட்டு வாங்குவதே இல்லை.

#6 மறுகரை

நான் இந்தப் பக்கம் எப்பவும் எழுதுறதில்லை. தலைப்பைப் பார்த்ததும் கை நடுங்குச்சு, எழுதிடணும்னு தோணுச்சு.

எனக்குக் கல்யாணமாகி நாலாவது வருஷம் அவர் என் தலையைச் சுவத்துல இடிச்சார். புகார் குடுக்கப் போனேன். எழுதி வாங்கல. "கவுன்சிலிங் பண்றோம்"னு சொல்லி அவரையும் வரச் சொன்னாங்க. ஒரே மேசை. அவர் பக்கத்துல நான். எதிரே பேசினவங்க நல்ல மாதிரிதான் பேசினாங்க. "குழந்தை இருக்கு, ரெண்டு பேரும் கொஞ்சம் விட்டுக்குடுங்க"ன்னாங்க. அவர் "இனிமே கை வெக்க மாட்டேன், அவளும் எதிர்த்துப் பேசக் கூடாது"ன்னார். அதை அப்படியே எழுதிக் கையெழுத்து வாங்கினாங்க. நான் எதிர்த்துப் பேசக் கூடாதுங்கறது ஒரு நிபந்தனையா அந்தக் காகிதத்துல இருக்கு. இன்னும் வெச்சிருக்கேன். அன்னைக்கு ராத்திரி வீட்டுக்குப் போனப்போ என்ன நடந்துச்சுன்னு எழுத மாட்டேன்.

இப்ப நான் தனியா இருக்கேன், வேலைக்குப் போறேன், பொண்ணு எட்டாவது படிக்கிறா. சமரசம்னு யாராவது சொன்னா எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வருது. டீச்சரம்மா, அடி வாங்கினவளையும் அடிச்சவனையும் சமமா உக்கார வெச்சு ரெண்டு பேர் பேச்சும் கேக்கறதுக்கு அந்த 40 மணி நேரத்துல என்ன சொல்லிக் குடுத்தாங்க?

#7 வைகைக்கரை

அம்மா, நீங்கள் எழுதியதை நாலு தடவை படித்தேன். உடனே பதில் போட வேண்டாம் என்று ஒரு நாள் காத்திருந்தேன்.

நான்காம் நாள் காலை முழுக்க இதற்கு ஒதுக்கினார்கள். உட்கார வைக்கக் கூடாத மேசை எது என்பதுதான் பாடம். இருவரையும் சேர்த்துப் பார்ப்பதற்கு முன்னாலேயே, ஒவ்வொருவரையும் தனித்தனி நேரத்துக்கு வரச்சொல்லிப் பேச வேண்டும்; அதைத் தனி அமர்வு என்கிறார்கள். "வீட்டுல ஒரு விஷயத்துக்கு முடியாதுன்னு சொன்னா என்ன நடக்கும்?" என்று கேட்கச் சொன்னார்கள். "அடிக்கிறாரா" என்று நேராகக் கேட்டால் பல பேர் இல்லை என்பார்களாம். பணம் யார் கையில், போன் யார் கையில், அம்மா வீட்டுக்குப் போக அனுமதி கேட்க வேண்டுமா, இவையும் கேட்க வேண்டும். பதில் சொல்வதற்கு முன் ஒருவர் இன்னொருவர் முகத்தைப் பார்த்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். பயம் இருக்கும் இடத்தில் சம்மதம் கிடையாது, சம்மதம் இல்லாத இடத்தில் சமரசம் கிடையாது. இதைப் பயிற்சியில் சொன்னார்கள். ஆனால் உங்கள் காகிதத்தைப் படித்த பிறகுதான் எனக்கு அது முழுசாக விளங்கியது.

உங்களுக்கு நடந்ததற்கு நான் சமரசம் என்று பேர் வைக்க மாட்டேன். நானே சில வீடுகளில் "விட்டுக்கொடுங்க" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன். அந்த வீடுகளில் கதவு சாத்திய பிறகு என்ன நடந்ததோ, எனக்குத் தெரியாது. அது என்னைத் தூங்கவிடவில்லை.

#8 கருப்புக்கோட்டு

மறுகரை அம்மாவுக்கு: சட்டமும் உங்கள் பக்கம்தான் பேசுகிறது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ன் கீழ் குற்றவியல் நடுவர் (மாஜிஸ்திரேட்) இருவரையும் ஆலோசனைக்கு அனுப்பலாம். ஆனால் 2006 விதிகளில் 14-வது விதி தெளிவாகச் சொல்கிறது: அந்த அமர்வில் அடித்ததற்கு நியாயம் கற்பிக்க எதிர் மனுதாரரை அனுமதிக்கக் கூடாது. வன்முறை மறுபடி நடக்காது என்ற உறுதியை வாங்குவதுதான் அதன் நோக்கம். "அவளும் எதிர்த்துப் பேசக் கூடாது" என்ற வரி அந்தக் காகிதத்தில் ஏறியிருக்கவே கூடாது.

புகாரை எழுதி வாங்காமல் பேச்சுவார்த்தைக்குத் தள்ளுவதும் சமரச மையத்தில் நடப்பதும் வேறு வேறு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்று போலத் தெரிவதுதான் எங்கள் தொழிலுக்கு வந்த பெரிய கெட்ட பேர். இப்போது இதே நிலையில் இருக்கும் யாராவது இதைப் படித்தால்: 181 மகளிர் உதவி எண், இரவு பகல் இயங்கும். மாவட்டப் பாதுகாப்பு அலுவலரிடம் நேரடியாகவும் மனு கொடுக்கலாம்.

#9 பனைநிழல் (யாழ்ப்பாணம்)

வணக்கம். எங்கட பக்கத்துக் கதையையும் சொல்லிப்போட்டுப் போறன். இஞ்ச 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ மத்தியஸ்த சபையள் இருக்கு. நீங்கள் சமரசர் எண்டு சொல்லுறவரை நாங்கள் மத்தியஸ்தர் எண்டு சொல்லுவம். பெரும்பாலும் சட்டத்தரணியள் (வக்கீல்மார்) இல்லை. ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் (தலைமை ஆசிரியர்), தபாலதிபர், கிராமத்தில நாலு பேர் மதிக்கிற ஆக்கள். சம்பளம் இல்லை, சனி ஞாயிறிலதான் கூடுறது, அநேகமாப் பள்ளிக்கூடக் கட்டடத்தில. பயிற்சி முடிச்சாத்தான் நியமனம்.

எங்களிட்ட உள்ள வித்தியாசம் என்னெண்டா, ஒரு பிணக்குக்கு மூண்டு பேர் இருப்பினம். பட்டியலில இருந்து ஒரு பக்கம் ஒருத்தரைத் தெரிவு செய்யும், மற்றப் பக்கம் ஒருத்தரை. அந்த ரெண்டு பேரும் சேர்ந்து மூண்டாவது ஆளை எடுத்து அவரைத் தலைமைக்கு விடுவினம். தன்ர ஆள் ஒருத்தர் அங்க இருக்கிறார் எண்ட தைரியத்தில சனம் வாய் திறந்து கதைக்கும். சரி வந்தா இணக்கச் சான்றிதழ், சரி வராட்டி இணங்காமைச் சான்றிதழ். குறிப்பிட்ட வகைப் பிணக்குகளுக்கு அந்தச் சான்றிதழ் இல்லாமல் வழக்குப் போடேலாது.

எங்களுக்கு வாறதில கனக்க எல்லைச் சண்டை, கடன், அயல் வீட்டுச் சண்டை. கதியால் வேலி அரையடி தள்ளிப் போட்டதெண்டு தொடங்குவினம். கதைச்சுக்கொண்டு போனா அது சீதனக் காணியாயிருக்கும், ஒரு தங்கச்சி கனடாவில இருப்பா, அண்ணன் பிள்ளையின்ர கலியாணத்துக்கு அவவுக்குச் சொல்லாமல் விட்டிருப்பினம். வேலி சும்மா நிக்குது. மறுகரை எழுதினதைப் பாத்து எனக்கும் நெஞ்சு கனத்துப் போச்சு. எங்கட சபையளிலயும் "குடும்பம் பிரியக் கூடாது" எண்ட எண்ணத்தோட வந்து இருக்கிற மூத்த ஆக்கள் இருக்கினம். பொம்பிளை மத்தியஸ்தர்கள் காணாது. இதை நான் கூட்டத்திலயும் சொன்னனான்.

#10 நடுப்பிள்ளை (திருச்சி)

எல்லாரும் பெரிய விஷயம் பேசிட்டு இருக்கீங்க, என்னோடது சின்னதா இருக்கலாம். ஆனா மூணு மாசமா வீட்ல யாரும் யார்கிட்டயும் பேசறதில்ல.

அப்பா 2019-ல தவறிட்டார், உயில் எழுதல. வீடு அவர் சம்பாத்தியத்துல கட்டினது. அம்மாவுக்கு 74, தனியா அந்த வீட்ல இருக்காங்க. அண்ணன் சென்னை, அக்கா கோயம்புத்தூர், நான் இங்க பக்கத்துத் தெரு. அண்ணன் வீட்டை வித்து, அம்மாவைத் தன்கூட வெச்சுக்கறேங்கறார், அக்கா தன் பங்கை விட்டுக்குடுக்கற விடுதலைப் பத்திரத்துல கையெழுத்துப் போடணுங்கறார். "கல்யாணத்துக்கு 40 பவுன் போட்டாச்சு, அப்புறம் என்ன பங்கு?"ன்னு அண்ணி சொன்னதுல அக்கா போனை வெச்சவதான். நான் நடுவுல நின்னு பேசி முடிச்சிடலாமா? அந்தப் பயிற்சில சொல்ற மாதிரி ரெண்டு பேரையும் உக்கார வெச்சு?

#11 கருப்புக்கோட்டு

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் எல்லோரும் அது தெரியாமலேயே சண்டை போடுகிறார்கள். அப்பாவின் சுய சம்பாத்தியம், உயில் இல்லை. இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956 பொருந்தும் குடும்பம் என்றால் அம்மா, அண்ணன், அக்கா, நீங்கள், நால்வருக்கும் சமமாகக் கால் பங்கு. அக்காவுக்கு எந்த வருஷம் கல்யாணம் ஆனது, எத்தனை பவுன் போட்டீர்கள் என்பதெல்லாம் இதில் வராது. 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணம் ஆன பெண்ணுக்கு இல்லை என்று ஊரில் சொல்வது பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்து பற்றிய தமிழ்நாட்டுத் திருத்தம். அந்தத் தடையும் 2005 மத்தியத் திருத்தத்தோடு போய்விட்டது.

அக்கா தன் பங்கை விட்டுக்கொடுக்கலாம், அது அவர் உரிமை. ஆனால் தனக்குக் கால் பங்கு இருக்கிறது என்று தெரிந்து, தனக்கென ஒரு வக்கீலைக் கேட்டு, பிறகு கொடுக்க வேண்டும். தெரியாமல் வாங்கிய கையெழுத்தை நல்ல சமரசர் வாங்கவே மாட்டார். ஒரு சீர்த்தட்டும் பட்டுப்புடவையும் வைத்து, நாலு பேர் அழுது, பங்கை எழுதி வாங்கிய எத்தனையோ "சுமுகத் தீர்வு" நான் பார்த்திருக்கிறேன். அடுத்த தலைமுறையில் அவை வழக்காக வந்திருக்கின்றன.

#12 வைகைக்கரை

நடுப்பிள்ளை தம்பி, உங்கள் பெயரிலேயே பதில் இருக்கிறது. நீங்கள் நடுவில் மாட்டிக்கொண்ட பிள்ளை, நடுவர் இல்லை. கால் பங்கு உங்களுக்கும் இருக்கிறது. நீங்கள் என்ன சொன்னாலும் "இவனுக்கு என்ன லாபம்" என்ற கேள்வி பின்னாலேயே வரும். உட்கார வைத்துப் பேசும் வேலையை வெளி ஆளிடம் கொடுங்கள்.

ஆனால் பயிற்சியில் கற்ற சிலவற்றை நீங்களும் செய்யலாம். அக்காவுக்குப் போன் பண்ணுங்கள். அண்ணன் அப்படிச் சொன்னார், அண்ணி இப்படிச் சொன்னார் என்று எதையும் கொண்டுபோகாதீர்கள். "உனக்கு இதுல எது ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்று ஒன்றே ஒன்று கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அவர் பத்து நொடி பேசாமல் இருப்பார். அந்தப் பத்து நொடியை நீங்கள் நிரப்பக் கூடாது. எனக்குப் பயிற்சியிலேயே மிகக் கஷ்டமான பாடம் அதுதான். வகுப்பில் பிள்ளைகள் பதில் சொல்லாவிட்டால் நானே சொல்லிப் பழகியவள். அவர் சொன்ன பிறகு, சொன்னதை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள், குத்தலை மட்டும் எடுத்துவிட்டு. "அண்ணிக்கு எங்கிட்ட மரியாதையே இல்ல" என்றால், "வீட்டு விஷயத்துல உன்னையும் கேட்டு முடிவு பண்ணணும்னு நெனக்கிற, அப்படித்தானே?" என்பது போல. தப்பாக இருந்தால் அவரே திருத்துவார், திருத்தும்போது இன்னும் உள்ளே இருப்பது வரும்.

இன்னொரு விஷயம், எனக்கு இது உறுத்திக்கொண்டே இருக்கிறது. வீட்டை என்ன பண்ணுவது, அம்மாவை யார் பார்ப்பது: இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டிருக்கிறீர்கள். அண்ணன் என்ன வேண்டும் என்கிறார், அக்கா என்ன வேண்டும் என்கிறார், எழுதியிருக்கிறீர்கள். அம்மா என்ன வேண்டும் என்கிறார்?

#13 நடுப்பிள்ளை

கேக்கலைங்க டீச்சர்.

#14 கருப்புக்கோட்டு

அம்மா பெயரை எடுத்ததால் சேர்த்துக்கொள்கிறேன். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ல் ஆர்.டி.ஓ. (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயம் விசாரணைக்கு முன் சமரச அலுவலரிடம் அனுப்பலாம், அவர் ஒரு மாதத்துக்குள் அறிக்கை தர வேண்டும். பராமரிப்புத் தொகைக்கு உச்ச வரம்பு மாதம் 10,000 ரூபாய். அதே சட்டத்தின் 23-வது பிரிவு: பார்த்துக்கொள்வதாக நிபந்தனை போட்டு எழுதி வாங்கிய சொத்தை, பார்த்துக்கொள்ளாவிட்டால் செல்லாது என்று அறிவிக்க வழி இருக்கிறது. அம்மா தன் கால் பங்கை யாருக்காவது எழுதுவதாக இருந்தால் அந்த நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

#15 பள்ளிமணி (சென்னை)

நான் குழந்தைகள் மன நல ஆலோசகர். குடும்ப நீதிமன்ற வழக்குகளில் குழந்தையைப் பார்க்கும் வேலையும் வரும். இதுவரை யாரும் தொடாத இடம் ஒன்று இருக்கிறது.

பிரிகிற கணவன் மனைவி பணத்தில் இணங்கிவிடுகிறார்கள். பரஸ்பர சம்மதத்தில் விவாகரத்து, ஆறு மாதக் காத்திருப்பையும் தேவைப்பட்டால் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு வேகமாக முடிகிறது. ஒப்பந்தத்தில் குழந்தைக்கு ஒரு வரி: "மாதம் இரண்டு ஞாயிறு தந்தை பார்க்கலாம்." அந்த ஒரு வரியில்தான் அடுத்த பத்து வருடச் சண்டை இருக்கிறது. எத்தனை மணிக்கு? யார் கொண்டுவந்து விடுவது? ஞாயிறு பரீட்சைக்கு முந்தின நாளாக இருந்தால்? பொங்கல் யாரோடு, தீபாவளி யாரோடு, காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி உண்டா, முழு ஆண்டு லீவு எப்படிப் பிரிப்பது, பாட்டியோடு போனில் பேசலாமா? இதையெல்லாம் சமரசர் கேட்டு எழுத வைக்க வேண்டும். நான் பார்த்த நல்ல ஒப்பந்தம் ஒன்றில் பள்ளி டைரியில் யார் கையெழுத்துப் போடுவது என்பதுகூட இருந்தது.

ஏழு வயதுப் பையன் ஒருவன் என்னிடம் வரைந்து காட்டினான். இரண்டு வீடு, நடுவில் ஒரு ரோடு, ரோட்டில் ஒரு தபால் பெட்டி. "இது யாருடா?" என்றேன். "நான்" என்றான். அப்பா சொன்னதை அம்மாவிடம், அம்மா சொன்னதை அப்பாவிடம் சொல்வது அவன் வேலையாக இருந்தது. பெற்றோர் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டு அந்தப் படத்தை மேசையில் வைத்தேன். நான் ஒன்றும் சொல்லவில்லை. அன்றைக்குத்தான் அவர்கள் நேராகப் பேசிக்கொள்ள வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கினார்கள், குழந்தை விஷயம் மட்டும் பேச.

#16 தறிச்சத்தம்

டீச்சர், நீங்க கேட்டதுல இருந்து ரெண்டு நாளா மனசே சரியில்லீங்க. பெரியம்மா இன்னும் இருக்காங்க, 86 வயசு. நேத்துப் போய்க் கேட்டனுங்க, "பெரியப்பா பஞ்சாயத்துப் பேசறப்ப நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னு. சொன்னாங்க: "வர்ற பொம்பளைங்க சமையக்கட்டுல என்கிட்டச் சொல்லுவாங்க. ராத்திரி உங்க பெரியப்பாகிட்ட நான் சொல்லுவேன். மறுநா அவரு தானே யோசிச்ச மாதிரி பேசுவாரு."

அந்தத் தனி அமர்வுன்னு நீங்க சொல்றதை எங்க பெரியம்மா சமையக்கட்டுல நடத்தியிருக்காங்க. எனக்கு இத்தனை வருசம் தெரியாது. இந்தப் பயிற்சிக்கு எங்க ஊர்ல இருந்து ரெண்டு பொம்பளைங்களை அனுப்பலாம்னு இருக்கேன். விவரம் சொல்லுங்க.

#17 வைகைக்கரை

தம்பி, பெரியம்மாவை வணங்கினேன் என்று சொல்லுங்கள். ஒரு வித்தியாசம் மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். தனி அமர்வு முடியும்போது, "இதுல எதை அந்தப் பக்கம் சொல்லலாம், எதைச் சொல்லக் கூடாது?" என்று கேட்டு, அவர் அனுமதித்ததை மட்டும்தான் வெளியே எடுத்துப் போக வேண்டும். இரு பக்கமும் ஏறக்குறைய ஒரே அளவு நேரம். ஒருவரோடு உள்ளே முக்கால் மணி நேரம் இருந்தால், வெளியே பெஞ்சில் காத்திருப்பவர் மனசில் ஆயிரம் ஓடும்.

உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் உள்ள சமரச மையத்திலோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலோ நேரில் கேளுங்கள். சேருவதற்கு முன், நடித்துப் பார்க்கும் பயிற்சி எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். உரை மட்டும் கேட்டுவிட்டு வரும் 40 மணி நேரத்தால் பிரயோஜனம் இல்லை. முடித்த பிறகும் அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து பல வழக்கு பார்க்க வேண்டும்.

#18 வைகைக்கரை (மூன்று வாரம் கழித்து)

நேற்று முதல் முறையாக, மூத்த சமரசர் ஒருவரோடு துணைக்கு உட்கார்ந்தேன். உள்ளே பேசியது எதையும் இங்கே எழுத மாட்டேன், எந்த மாதிரி வழக்கு என்றுகூட. எழுதக் கூடியதைச் சொல்கிறேன்.

அவர் அரை மணி முன்னதாக வந்தார். நீள மேசையைச் சுவரோரம் தள்ளிவிட்டு வட்ட மேசையை இழுத்துப் போட்டார். நாலு நாற்காலியும் ஒரே உயரமா என்று பார்த்தார். ஒன்று கைப்பிடி வைத்தது, அதை வெளியே கொண்டுபோய் விட்டார். கதவுக்குப் பக்கத்து நாற்காலியில் யார் உட்காருவது என்று அவரே முடிவு பண்ணி வைத்திருந்தார். எழுந்து போக நினைத்தால் யாரையும் தாண்டாமல் போக முடிய வேண்டுமாம். மறுகரை அம்மாவை நினைத்துக்கொண்டேன்.

என் நோட்டு ஓரத்தில், வாய் வரை வந்த அறிவுரையை விழுங்கிய ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போட்டேன். இரண்டு மணி நேரத்தில் 14 கோடு. முடிந்ததும் அவர் தன் குறிப்புத் தாள்களைக் கிழித்தார், என்னுடையதையும் கேட்டு வாங்கிக் கிழித்தார். கோடுகளும் போயின.

#19 மறுகரை

கதவுப் பக்கத்து நாற்காலி. படிச்சேன் டீச்சரம்மா.

#20 நடுப்பிள்ளை

எல்லாருக்கும் நன்றி. அக்காகிட்டப் பேசினேன், 50 நிமிஷம். அதுல நான் பேசினது அஞ்சு நிமிஷம்கூட இருக்காது. ஞாயித்துக்கிழமை அம்மாகிட்டப் போய் உக்காந்து, "உங்களுக்கு என்னம்மா வேணும்?"னு கேட்டேன். ரொம்ப நேரம் முறத்துல இருந்த பருப்பையே பாத்துட்டு இருந்தாங்க. நான் நிரப்பல. அப்புறம் சொன்னாங்க: "எனக்கு மாடிப்படி ஏற முடியலடா. கீழ ஒரு கக்கூஸ் கட்டிக் குடுங்க, உக்கார்ற மாதிரி, பிடிச்சுக்கக் கம்பி வெச்சு. வெயில் காலத்துல ரெண்டு மாசம் கோயம்புத்தூர் போறேன். மத்தபடி என் வீட்லதான் இருப்பேன்."

அண்ணனுக்கு அம்மாவே போன் பண்ணினாங்க. அவர் அரை நாள் கழிச்சு, "எவ்வளவு ஆகும்னு கேளு"ன்னு எனக்கு மெசேஜ் போட்டார். மூணு மாசத்துல முதல் மெசேஜ். அக்கா ஒரு வக்கீலைப் பாத்துட்டு வந்திருக்கா. வீட்டுப் பங்கு விஷயம் அப்படியே இருக்கு, அதுக்குச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல மனு குடுத்திருக்கோம். கொத்தனார் திங்கக்கிழமை வர்றார்.